எட்டடி தள்ளி

குப்பை வண்டி டீமைப் பந்தயத்திலிருந்து கழற்றிவிடப் போகிறார்கள் என்ற செய்தி சலவைக்கூடத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூட்டைகள் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. வெளியே மழை, பெய்வேனா மாட்டேனா என்று மூன்று நாளாக இழுத்தடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கொதிநீர்த் தொட்டிகளின் ஆவி போக வழியில்லாமல் கூரைக்கும் தலைக்கும் நடுவே தொங்கியது.

ஸ்கோரக்கா மூட்டை பிரிக்கிற மேசையில் நின்றிருந்தாள். பதினான்கு வருஷமாக அதே மேசை. ரத்தம் பட்டது ஒரு கூடை, மலம் பட்டது ஒரு கூடை, மருந்துக்கறை ஒரு கூடை, சும்மா கசங்கியது ஒரு கூடை. விரிப்பை உதறக் கூடாது. நான்கு முனையையும் உள்பக்கமாக மடக்கிக்கொண்டே வந்து, நடுவில் ஊசியோ பல் செட்டோ மாட்டியிருக்கிறதா என்று உறை போட்ட கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மாட்டார்கள். அவளுக்கு அதெல்லாம் எப்போதோ மரத்துப்போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு மோந்தாலே இது இன்ன வார்டு மூட்டை என்று சொல்லிவிடுவாள்.

ஸ்கோரக்கா என்ற பேர் மைதானத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் தொழிலாளர் அணிகளுக்கென்று ஒரு கூடைப்பந்துப் பந்தயம் வருஷா வருஷம் நடக்கும். ஆறு அணிகள். ஆட்டத்துக்கு ஒரு நடுவர்தான், இரண்டு பேரைப் போட ஆளில்லை. அவள் வீட்டுக்காரர் ஒரு நடுவர், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் இன்னொருவர். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் வீட்டுக்காரரோடு வேடிக்கை பார்க்கப் போனவளை, மேசையில் ஆள் வரவில்லை என்று ஒருநாள் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். யார் எத்தனை புள்ளி, யார் மேல் எத்தனை ஃபவுல், ஃபவுல் பட்டவனுக்குக் கோட்டில் தனியே நின்று எறியக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ யாருக்கு எத்தனை, எல்லாம் அவள் கைப்பட எழுதியது. பதினொரு வருஷமாயிற்று, பேனாவை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவள் ரோலர்க்காரி. ஈர விரிப்பைச் சூடான ரோலருக்குள் ஓரம் பிசகாமல் கொடுத்து வாங்குகிறவள். அவள் புருஷன்தான் குப்பை வண்டி டீமின் கேப்டன். காகிதத்தில் அந்த அணிக்கு நகர சுகாதாரப் பணியாளர் அணி என்று பேர், ஆனால் வாய்விட்டு அப்படிச் சொன்னவர்கள் யாருமில்லை. கேப்டனை எல்லாரும் லாரி என்பார்கள். குப்பையை நசுக்கி ஏற்றுகிற லாரியை ஓட்டுகிறவன் என்பது ஒன்று. பந்து கைக்கு வந்தால் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் நேரே வளையத்தைப் பார்த்துப் போகிறவன் என்பது இன்னொன்று.

போன வாரம் கிடங்குத் தொழிலாளர் அணியோடு நடந்த ஆட்டத்தில் அவன் அப்படித்தான் போனான். நாற்பது விநாடி பாக்கி, ஒரு புள்ளி வித்தியாசம். எகிறினான், விழுந்தான். மணிக்கட்டு உடைந்த சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. ஆனால் விசில் அவன் மேல்தான் ஊதப்பட்டது. ஐந்தாவது ஃபவுல், ஆட்டத்தை விட்டு வெளியே. அதை எழுதியதும் ஸ்கோரக்காதான். அவன் தரையில் கிடந்தபோதே எழுதிவிட்டாள், ஆட்டம் தொடர வேண்டியிருந்தது.

சாப்பாட்டு வேளையில் ரோலர்க்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள், மூடினாள். பந்தயம் நடத்துகிற கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். மூன்று வருஷமாக இந்த அணி ஆட்டத்துக்கு இருபத்தேழு ஃப்ரீ த்ரோ எதிரிக்குக் கொடுக்கிறது, தான் வாங்குவது ஒன்பது, வேறெந்த அணிக்கும் இப்படி இல்லை, இது முரட்டு ஆட்டத்துக்கு அத்தாட்சி என்று எழுதியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு முடிவெடுப்பார்களாம்.

"எங்க ஆளுங்க அவ்வளவு மோசமாவா ஆடறாங்க அக்கா?" என்று கேட்டாள் ரோலர்க்காரி. "நீங்கதானே எழுதறீங்க. உங்களுக்குத் தெரியாததா."

ஸ்கோரக்கா கடித்த முட்டையை டப்பாவிலேயே வைத்தாள். இருபத்தேழு, ஒன்பது என்ற கணக்கு அவள் போட்டுக் கொடுத்ததுதான். கழகச் செயலாளர் போன வாரம் கேட்டார், கூட்டி வகுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சராசரி கேட்டால் சராசரி.

"பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே மூன்று வருஷத்துத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். குப்பை வண்டி டீம் ஆடிய முப்பத்தைந்து ஆட்டங்கள். மழையால் தள்ளிப்போன ஒன்று சனிக்கிழமை பாக்கி. வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, நகத்தில் ஒரு கோடு அழுக்கு இருக்காது. இத்தனை வருஷத்தில் எந்த அணியிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. விசிலுக்கு விலையில்லாத மனுஷன் என்று ஊரே சொல்லும். அதில் அவளுக்கும் உள்ளூர ஒரு பெருமை.

ஏன் ஒரு அணிக்கு இருபது கிடைக்கிறது, இன்னொன்றுக்கு எட்டுதான் கிடைக்கிறது என்று அவள் இதற்கு முன் யோசித்துப் பார்த்ததே இல்லை. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது அது ஒன்றும் மாயமாகத் தெரியவில்லை. மின்சார ஆபீஸ்காரர்கள் தூரத்திலிருந்தே எறிகிறவர்கள். தூரத்தில் நிற்பவனை யார் போய் இடிக்கப் போகிறார்கள், அதனால் அவர்களுக்கு ஃப்ரீ த்ரோவும் குறைவு. கிடங்குக்காரர்கள் மூட்டை தூக்குகிற உடம்போடு உள்ளே புகுவார்கள், இடியும் வாங்குவார்கள், கோட்டில் போய் நின்று எறிவார்கள். பம்ப் கம்பெனிக்குச் சொந்த மைதானம், தினமும் பயிற்சி. எதிரியைக் காலால் மறிப்பார்கள், கை நீளாது. அதனால் கொடுப்பது குறைவு.

குப்பை வண்டிக்காரர்கள் கொடுப்பதைக் கால்வாசி கால்வாசியாகப் பிரித்துப் பார்த்தாள். முதல் கால்வாசி ஆட்டத்தில் ஊரிலேயே குறைவாக ஃபவுல் செய்கிறவர்கள் அவர்கள்தான். அவளே நம்பாமல் இரண்டு தரம் எண்ணினாள். எல்லாம் கடைசிக் கால்வாசியில். மொத்தம் ஏழு பேர்தான் அணியில், மாற்றுவதற்கு ஆளில்லை. விடிகாலை நாலு மணிக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள். கடைசியில் கால் செத்துப்போகும். கால் போகாத இடத்துக்குக் கை போகும். போதாததற்கு நெட்டையாக ஒருத்தன்கூட இல்லை. தோற்கிற அணி கடைசி நிமிஷத்தில் கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே பிடிப்பதும் உண்டு, தோற்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். இதில் முரட்டுத்தனம் எங்கே இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் இதை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். நல்ல வேலை செய்திருக்கிறாய், செயலாளரிடம் கொடு, அவருக்குக் கொஞ்சம் புரியட்டும் என்றார். அவளுக்கு மனசு லேசாயிற்று. டீ போட்டு ஆளுக்கு ஒன்று குடித்தார்கள்.

ஆனால் கொடுத்ததற்குத்தான் காரணம் கிடைத்தது, வாங்காததற்குக் கிடைக்கவில்லை. லாரியைப்போல உள்ளே புகுகிறவன் ஆறு அணியிலும் இல்லை. கிடங்குக்காரன் புகுந்தால் இருபது, இவன் புகுந்தால் ஒன்பதா. வெள்ளிக்கிழமை அவர் வருவதற்கு முன், ஏதோ ஒரு யோசனையில், தாள்களின் அடியில் இருக்கிற நடுவர் கையெழுத்தைப் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரித்தாள். டிரில் மாஸ்டர் விசில் பதினாறு. வீட்டுக்காரர் விசில் பத்தொன்பது.

டிரில் மாஸ்டர் நின்ற ஆட்டங்களில் குப்பை வண்டி டீம் வாங்கியது பதினைந்து, கொடுத்தது இருபத்தொன்று. வீட்டுக்காரர் நின்ற ஆட்டங்களில் வாங்கியது நாலு, கொடுத்தது முப்பத்திரண்டு.

மற்ற ஐந்து அணிகளுக்கும் அதேபோல் பிரித்துப் பார்த்தாள். யார் விசிலானாலும் ஒன்றோ இரண்டோதான் முன்னே பின்னே இருந்தது.

தாள்களை அப்படியே அடுக்கி ரப்பர் போட்டாள். அவர் வந்தார், அவள் ஒன்றும் கேட்கவில்லை. காசு வாங்குகிறவர் இல்லை. அது மட்டும் சத்தியம். பிறகு என்ன.

சனிக்கிழமை காலை இரண்டு ஆட்டங்கள். இரண்டுக்கும் அவர்தான் நடுவர். முதலில் குப்பை வண்டி டீமும் பம்ப் கம்பெனியும். ராத்திரி பெய்த தூறலில் சிமென்ட் தரை ஓரங்களில் ஈரமாக இருந்தது, சாக்குப் போட்டுத் துடைத்தார்கள். அணிப்பட்டியலில் கையெழுத்துப் போட லாரி மேசைக்கு வந்தான். வலது கை கட்டில் இருந்ததால் இடது கையால் கோணல்மாணலாகப் போட்டான். அடுப்பு சரியில்லை, இன்றைக்கும் டப்பா கட்டித் தரவில்லை என்று பெண்டாட்டியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் எழுதுவதுபோலக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். எந்த வார்டு மூட்டை என்று மோந்தே சொல்லுகிற மூக்கு அது. காரமான சிவப்பு சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. அவன் பின்னால் நின்ற ஆறு பேரிடமும் அதேதான். தலைமுடியில் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் பந்தைப் பார்க்காமல் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தாள்.

பந்து வளையத்தை நெருங்கினால் நடுவர் உள்ளே போக வேண்டும். வளையத்துக்கு அடியில், உடம்புகள் முட்டுகிற இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அவர் போகவில்லை. கும்பல் உள்ளே போனால் அவர் வெளியே வந்தார். கும்பல் அவர் பக்கம் திரும்பினால் ஓரமாக நழுவினார். எப்போதும் எட்டடி. அளந்து வைத்ததுபோல எட்டடி. பந்தை வாங்க வேண்டி வந்தபோது, பம்ப் கம்பெனிக்காரன் கையிலிருந்து கையில் வாங்கினார். குப்பை வண்டிக்காரன் நீட்டியபோது, கீழே உருட்டு என்று விரலால் காட்டினார். அவன் உருட்டினான். பழகிப்போன மாதிரி உருட்டினான்.

எட்டடி தள்ளி நின்றால் கை தெரியும். தூக்கிய கை, நீட்டிய கை, களைத்துப்போய் அடுத்தவன் தோளில் விழுகிற கை எல்லாம் தெரியும். இடுப்பால் இடிப்பதும், முழங்காலை வயிற்றில் செருகுவதும், எகிறினவன் இறங்குகிற இடத்தில் காலைக் கொண்டுபோய் வைப்பதும் தெரியாது. அதெல்லாம் கிட்டப் போனால்தான் தெரியும். குப்பை வண்டிக்காரர்கள் கையால் தப்புச் செய்கிறவர்கள். அவர்கள் வாங்குவதெல்லாம் இடுப்பிலும் வயிற்றிலும். முப்பத்திரண்டும் நாலும் எங்கிருந்து வந்தன என்று அவள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. பதினொரு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். இவர்கள் வந்தே மூன்று வருஷம். ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆட்டம் கிடங்குக்காரர்களுக்கும் மின்சார ஆபீஸுக்கும். அவர் நேரே வளையத்துக்கு அடியில் போய் நின்றார். மூட்டை தூக்குகிறவனின் வியர்வை அவர் சட்டையில் தெறித்தது. கைக்குட்டையால் தட்டிவிட்டுக்கொண்டு விசில் ஊதினார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அவர் வழக்கம்போல விசிலை ஒரு கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றினார். அவள் அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஏங்க, உள்ள போய் ஏன் நிக்கல?"

"எங்க?"

"வளையத்துக்கு அடியில. ரெண்டாவது ஆட்டத்துல போனீங்க. முதல் ஆட்டத்துல போகல."

அவர் விசிலைக் கரண்டியால் புரட்டினார். எங்கே நின்றால் தெரியுமோ அங்கே நின்றேன் என்றார். அங்கிருந்து கைதான் தெரியும், இடுப்பு தெரியாது என்றாள் அவள். தாள்களைப் பிரித்துப் பார்த்ததையும், பதினைந்தையும் நாலையும், இருபத்தொன்றையும் முப்பத்திரண்டையும் சொன்னாள். டிரில் மாஸ்டர் இளகின மனசுக்காரர் என்றார். மற்ற ஐந்து அணிக்கும் அவர் ஏன் இளகவில்லை என்று கேட்டாள். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கிட்டப் போனா எனக்குக் குமட்டுது. போதுமா? நான் வேணும்னு பண்ணல. உடம்பு போக மாட்டேங்குது. முதல் வருஷம் ரெண்டு ஆட்டம் போய் நின்னு பார்த்தேன். மூச்சை அடக்கிக்கிட்டு எப்படி விசில் ஊதறது?"

"அவங்க குளிச்சிட்டுத்தான் வராங்க. இன்னைக்கு நான் கிட்டத்துல பார்த்தேன். சோப்பு வாசனைதான் வருது."

"குளிச்சா போயிடுமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

"நான் தினமும் பிரிக்கிற மூட்டையை நீங்க பார்த்ததில்லை" என்றாள்.

"அதான் நீ குளிச்சிட்டு உள்ள வர்றியே."

"குளிச்சா போயிடுமான்னு இப்பத்தானே கேட்டீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

பதினான்கு வருஷமாக, அவள் வேலை விட்டு வருகிற நேரத்துக்குப் பின்கட்டில் ஒரு வாளி வெந்நீர் தயாராக இருக்கும். அவர்தான் போட்டு வைப்பார். மாற்றுத் துணியைக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார். முன்வாசல் வழியாக வர வேண்டாம், இப்படியே பின்னால் வந்துவிடு, நேராகக் குளித்துவிடலாம் என்று கல்யாணமான முதல் மாசமே சொன்னார். களைத்து வருகிறவளுக்கு இப்படி ஒரு புருஷன் எங்கே கிடைப்பான் என்று சலவைக்கூடத்தில் மற்றப் பெண்கள் பொறாமைப்படுவார்கள். அவளும் அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். குளித்து முடித்த பிறகும் ராத்திரிச் சாப்பாடு ஆகும்வரை அவர் அவள் கையிலிருந்து தம்ளரை வாங்குவதில்லை, மேசைமேல் வை என்பார். அதையும் அவள் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அந்த வாளியை நினைத்தபோது வாயில் புளித்த நீர் ஊறியது. ரத்தமும் சீழும் மோந்து மரத்துப்போன மூக்கு, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, தன் வீட்டு அடுப்படியில் குமட்டியது.

"நான் பொய்யா ஒரு விசில் ஊதினதில்ல" என்றார் அவர். "பார்த்ததைத்தான் ஊதியிருக்கேன். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு."

"அந்தப் பையன் கையை உடைச்சுக்கிட்டு விழுந்தானே, அதைப் பார்த்தீங்களா?"

"கையை முன்னால நீட்டினான். அது தெரிஞ்சுது."

"அவன் இடுப்புக்கு அடியில இன்னொருத்தன் புகுந்தது?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, நாளைக்குக் கூட்டத்தில் இதைப் படிக்கப் போகிறாயா என்றார். படிக்கத்தான் போகிறேன் என்றாள்.

"என் பேரைச் சொல்லியா?"

"தாள்ல உங்க கையெழுத்து இருக்கு. நான் சொல்ல வேண்டியதில்ல."

கழகத்தின் அறை மைதானத்தை ஒட்டிய ஒற்றை அறை. சுவரெல்லாம் பழைய கோப்பைகள், உள்ளே பூச்சி செத்துக் கிடக்கும். செயலாளர் விளையாட்டுச் சாமான் கடைக்காரர். கூட்டம் ஆரம்பிக்கும்போது பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். பாதி ஊறி விழுந்ததை விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டு, அதே விரலால் கடிதத்தைப் புரட்டினார். கமிட்டிக்காரர்கள் நாலு பேர். நடுவர்கள் இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் இருந்தார்கள். லாரியும் அவன் ஆட்களில் ஒருவனும் கதவோரம் நின்றார்கள். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவர்களும் உட்காரவில்லை.

ஸ்கோரக்கா எழுந்து படித்தாள். கால்வாசிக் கணக்கைப் படித்தாள். ஏழு பேர்தான் என்பதை, விடிகாலை வேலையை, கடைசி நிமிஷத்துப் பிடிப்பைச் சொன்னாள். முதல் கால்வாசியில் ஊரிலேயே சுத்தமான ஆட்டம் இவர்களுடையது என்றபோது கமிட்டிக்காரர் ஒருவர் அப்படியா என்று நிமிர்ந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாரும் சந்தோஷமாகக் கலைந்திருப்பார்கள். அவள் அடுத்த தாளை எடுத்து இரண்டு விசில்களின் கணக்கையும் படித்தாள். ஒரு நடுவர் கிட்டப் போய் நிற்கிறார், இன்னொருவர் எட்டடி தள்ளி நிற்கிறார், இந்த அணிக்கு மட்டும், என்று முடித்தாள்.

டிரில் மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார். வீட்டுக்காரர் முகம் சிவந்து, நேராக உட்கார்ந்திருந்தார்.

"ஏன் தள்ளி நிக்கறார்?" என்று கேட்டார் செயலாளர்.

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். மற்றவர்களும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. செயலாளர் ஒரு நிமிஷம் யோசித்தார், பிறகு புரிந்துகொண்டவராகத் தலையை ஆட்டினார். கமிட்டியில் ஒருவர் மூக்கை லேசாகத் தேய்த்துவிட்டுக்கொண்டார். இன்னொருவர் வாய்க்குள் சிரித்தார். யாருக்கும் அதிர்ச்சி இல்லை. காரணம் தெரிந்ததும் அவர்கள் முகத்தில் வந்தது ஒரு நிம்மதி. இவ்வளவுதானா, நியாயமான காரணம்தானே என்கிற நிம்மதி. அதைத்தான் அவளால் பிற்பாடு எத்தனை நாளானாலும் மறக்க முடியவில்லை.

தீர்மானம் பத்தே நிமிஷத்தில் ஆயிற்று. அணியை நீக்க வேண்டாம். அடுத்த வருஷத்திலிருந்து நடுவர்கள் எல்லா ஆட்டத்திலும் வளையத்துக்கு அருகில் நிற்க வேண்டும். அதற்கு வசதியாக, அணியினர் அனைவரும் ஆட்டத்துக்கு முன் குளித்துச் சுத்தமான உடையில் வர வேண்டும்.

"எல்லா அணிக்கும்தான் போட்டிருக்கு" என்றார் செயலாளர், கதவுப் பக்கம் பார்த்து. "உங்களை மட்டும் சொல்லல. மனசுல வச்சுக்காதீங்க."

லாரி கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றான்.

"சரிங்க" என்றான். "வேலை முடிஞ்சு ஒரு தடவை, மைதானத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு தடவை குளிக்கிறோம். மூணாவது தடவை எப்பன்னு நேரம் போட்டுக் குடுத்துடுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி ஷிஃப்ட் கேட்டுக்கறோம்."

அவன் நக்கலாகச் சொன்னானா, நிஜமாகவே கேட்டானா என்று தெரியாமல் செயலாளர் கொஞ்சம் திணறினார். பிறகு, அடுத்த வருஷத்திலிருந்து ஸ்கோர் எழுதத் தன் அண்ணன் மகன் கம்ப்யூட்டரோடு வருவான் என்றும், இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி என்றும் அவளிடம் சொன்னார். அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். பிஸ்கட் ஈரம் பட்ட இடமாகப் பார்த்து வைக்க வேண்டாம் என்று தோன்றி, கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

வீட்டில் பேச்சு, கதவு சாத்தியாயிற்றா, பால் வந்ததா என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது. வெந்நீர் வைக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் அவர் மதிப்பு குறையவில்லை. பெண்டாட்டியே கூட்டத்தில் எழுந்து குறை சொன்னாளாமே, அப்போதும் மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாமே என்று இன்னும் ஒரு படி ஏறித்தான் இருந்தது.

அடுத்த வருஷப் பந்தயம் கோடையில் ஆரம்பித்தது. முதல் ஆட்டமே குப்பை வண்டி டீமுக்கும் கிடங்குக்கும். நடுவர் அவர்தான். சிமென்ட் தரை அனலாகக் கொதித்தது. ஸ்கோரக்கா ரோலர்க்காரியோடு படிக்கட்டில் உட்கார்ந்தாள், மடியில் ஒன்றுமில்லாமல் கை எதையோ தேடியது. அணியில் புதிதாக ஒருவன் சேர்ந்திருந்தான், எட்டுப் பேர். லாரியின் மணிக்கட்டு சேர்ந்துவிட்டது, கொஞ்சம் கோணலாக.

அவர் உள்ளே போனார். தீர்மானம் சொன்னபடி வளையத்துக்கு அடியில் போய் நின்றார். லாரி புகுந்தான், இடுப்பில் இடி வாங்கினான், விசில் வந்தது. இரண்டு ஃப்ரீ த்ரோ. மறுபடியும் புகுந்தான், மறுபடியும் விசில். படிக்கட்டில் ரோலர்க்காரி அவள் தொடையைக் கிள்ளினாள். பார்த்தீங்களா அக்கா, நீங்க படிச்சதுதான், என்றாள். ஸ்கோரக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் உதட்டை இறுக்கியிருந்ததை, மூக்கின் இரண்டு பக்கமும் வெளுத்துப்போயிருந்ததை, ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் நாலடி விலகி ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு திரும்பி வந்ததை. அன்றைக்குக் குப்பை வண்டி டீம் வாங்கியது பதினேழு, கொடுத்தது பதினெட்டு. மூன்று புள்ளியில் ஜெயித்தார்கள். செயலாளர் கை தட்டினார். கணக்கு சரியாகிவிட்டது. அவளுக்குக் குமட்டல் மட்டும் அடங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்து மூலையில் இருக்கிற ஒற்றைக் குழாய்க்கு எல்லாரும் போவார்கள். தண்ணீர் நூல்போலத்தான் வரும். அவர் முதல் ஆளாகப் போய் நின்றிருந்தார். பையிலிருந்து சோப்பு எடுத்து விரல் விரலாகத் தேய்த்தார். கழுவினார். மறுபடி சோப்புப் போட்டு மணிக்கட்டு, முழங்கை என்று மேலே ஏறினார். பின்னால் எட்டுப் பேர் நாக்கு வறண்டு காலி பாட்டில்களோடு நின்றார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் முதலில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், அவர் மூன்றாவது தரம் சோப்பை எடுத்தபோது பேச்சை நிறுத்தினார்கள். எதைக் கழுவுகிறார் என்று எட்டுப் பேருக்கும் தெரிந்தது. லாரி பாட்டில் மூடியைத் திருகித் திருகிக் கழற்றினான், திருகி மூடினான்.

ஸ்கோரக்கா படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தாள். அவருக்கும் குழாய்க்கும் நடுவில் கையை நீட்டினாள்.

"நகருங்க. அவங்க தண்ணி குடிக்கணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். முழங்கைவரை நுரையோடு, ஒதுங்கி நின்றார்.

"வாப்பா" என்றாள் லாரியிடம். அவன் தயங்கினான். அவளே பாட்டிலை வாங்கிக் குழாயடியில் பிடித்தாள். மெல்லிய நீர் சத்தமில்லாமல் ஏறியது. அவன் நின்ற இடத்திலேயே குடித்தான், மறுபடி நீட்டினான், அவள் மறுபடி பிடித்தாள். அடுத்தவன் வந்தான். பிறகு அவனுக்கு அடுத்தவன். எட்டுப் பேரும் அவசரமில்லாமல் குடித்தார்கள், முகம் கழுவினார்கள், பாட்டிலை நிரப்பி மூடினார்கள். அதுவரைக்கும் அவர் எதிலும் படாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். நுரை தோலோடு காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.